அம்மாவைக் கண்டு ஒளியும் பிள்ளை

கடந்த வருடம் பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்துக்குப் போயிருந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து குவைத்திலிருந்து ஒரு தாய் திரும்பியிருந்தார். நாலு வயது மகளுக்கு வாங்கி வந்த சப்பாத்தும் பொம்மையும் கட்டிலில் கிடந்தன. பிள்ளையோ அம்மாயியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தபடி வெளியே வர மறுத்தது.

"ராத்திரியும் என்கிட்ட படுக்கல தங்கச்சி. போன்ல மட்டும் அம்மா அம்மான்னு கூப்பிடுவா" என்றார் தாய். பக்கத்துக் காம்பராப் பெண் குறுக்கிட்டு, "இந்தப் புள்ளைக்குப் பாசமே இல்ல" என்றார்.

பாசமில்லாத பிள்ளை அப்படி ஒளியாது. பயந்த பிள்ளைதான் ஒளியும்.

அழும்போது யார் தூக்குகிறாரோ, பசிக்கும்போது யார் வருகிறாரோ, அவரைக் குழந்தை முதல் வருடத்திலேயே தன் ஆளாகத் தெரிந்துகொள்கிறது. ஏழெட்டு மாதத்தில் வேற்று முகம் கண்டு வீறிடுவது அதனால்தான். இரண்டு மூன்று வயது வரை அந்த ஆள்தான் குழந்தையின் தைரியம். அவர் திடீரென்று மறைந்தால் என்ன நடக்கும் என்பதை லண்டன் வைத்தியசாலையொன்றில் ஜேம்ஸ் ரொபர்ட்சன் படம்பிடித்தார். 1952இல் வெளிவந்த அந்தப் படத்தில் இருப்பது இரண்டரை வயது கூட நிரம்பாத ஒரு சிறுமி, வைத்தியசாலையில் எட்டு நாட்கள். பெற்றோர் நினைத்த நேரத்தில் வந்து பார்க்க முடியாத காலம் அது. ரொபர்ட்சனும் ஜோன் போல்பியும் இத்தகைய பிள்ளைகளிடம் மூன்று கட்டங்களைக் கண்டார்கள். முதலில் கதறல். பிறகு ஒடுங்கிப்போதல். கடைசியில், தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல்.

பெரியவர்கள் ஏமாறுவது அந்த மூன்றாவது கட்டத்தில்தான். "இப்ப அழுறதில்ல, பழகிடுச்சு" என்று ஆறுதல்படுவோம். எனக்கு மூன்று வயதில் என் அம்மா வெளிநாடு போனார். அழாத பிள்ளை என்று லயமே என்னைப் புகழ்ந்ததாம். அம்மா திரும்பி வந்தபோது நான் அவரை "அக்கா" என்று கூப்பிட்ட கதையை இன்றும் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அம்மா மட்டும் சிரிப்பதில்லை.

தோட்டத்தில் தாயும் பிள்ளையும் பிரிவது புதிதல்ல. 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்தால் சில மாதங்களிலேயே குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறது, தாய் மலைக்கு. ஆனால் அந்தத் தாய் கொழுந்து நிறுத்துவிட்டுப் பொழுது சாய வந்துவிடுகிறார். நாளும் போய் நாளும் வருபவரை நம்பப் பிள்ளைக்குத் தெரியும். இரண்டு வருடம் என்பதை அதனால் எண்ண முடியாது.

அரசாங்கத்துக்கும் இது தெரியாததல்ல. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றானது. அப்பாமாரை யாரும் எதுவும் கேட்கவில்லை. வறுமை அப்படியே இருந்ததால் பல தாய்மார் விசிட் விசாவில் போனார்கள். சட்டப்படி போனால் கிடைக்கும் கொஞ்சப் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லாமற் போனது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. நாட்டுக்கு டொலர் வேண்டியிருந்தது. இரண்டு வயதில் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் பார்த்த பிள்ளையின் தாய் போனதும் அதற்கு இரண்டு வயது முடிந்த கையோடுதான்.

இதைப் படிக்கும் தாய்மார் தம்மையே நொந்துகொள்ள வேண்டாம். ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை வைத்து 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. சிலரை வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். பெற்ற தாய் இல்லாமலேதான் தேறினார்கள். மாறாத ஓர் ஆள் கிடைத்ததே காரணம். இலங்கையில் பெற்றோர் வெளிநாடு போன பிள்ளைகளைப் பற்றி கொலித விக்ரமகே குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் இரண்டு பிள்ளைகளிடம் உளநலப் பிரச்சினை தெரிந்தது. பார்த்துக்கொள்பவரின் மனநிலையும் அதோடு சேர்ந்தே வந்தது. அப்படியானால் நாம் கவனிக்க வேண்டியது அம்மாயியைத்தான். அறுபது வயதில், முழங்கால் வலியோடு, குடிக்கும் மருமகனையும் சமாளித்துக்கொண்டு பிள்ளை வளர்க்கும் அவருக்கு இந்த நாடு என்ன கொடுக்கிறது? பிரதேச செயலகத்துப் படிவத்தில் ஒரு கையெழுத்துக்கு இடம்.

வன்னியில் 2009க்குப் பிறகு அம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இது புரியும். அங்கே பிரித்தது ஷெல். இங்கே கடன். "அப்பா வருவார்" என்று பொய் சொல்லித் தூங்கவைத்த வீடுகள் இரண்டு பக்கமும் உண்டு.

தாய் திரும்பி வரும்போது இன்னொரு பிரிவும் நடக்கிறது. அதை நாங்கள் கவனிப்பதே இல்லை. "இனி அம்மாகிட்ட படு" என்று அம்மாயியிடமிருந்து பிள்ளையைப் பிய்த்தெடுப்போம். அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது தாயின் இழப்பு. கொஞ்ச நாள் மூவரும் ஒரே பாயில் படுக்கலாம். சோறூட்டுவது அம்மாயியாகவே இருக்கட்டும், தாய் பக்கத்தில் இருந்தால் போதும். பிள்ளை அடித்தாலும், பாயை நனைத்தாலும், ஒட்டிக்கொண்டு விடாமல் திரிந்தாலும் அது கெட்ட பழக்கமல்ல. "மறுபடி போவியா?" என்று கேட்கத் தெரியாமல் கேட்கிறது. மாதக்கணக்கில் பேசாமல், விளையாடாமல் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி பதுளை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

போகும்போதும் ஒன்று. பிள்ளை அழும் என்று, அது தூங்கும்போது விடியற்காலை வானில் ஏறிவிடுவது எங்கள் பக்க வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் போனார். தூங்கினால் ஆள் காணாமற்போவார் என்று பிள்ளை கற்றுக்கொள்வது அங்கேதான். ராத்திரியில் தூங்க மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி அம்மாயிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தாய் மூன்று மாதம் கழித்து எனக்குப் போன் பண்ணினார். வட்டிக்கடன் முடியவில்லை, மறுபடி போகிறாராம். பிள்ளை இப்போது அவருக்கும் அம்மாயிக்கும் நடுவில் படுக்கிறதாம். "இந்தத் தடவ பகல்லயே சொல்லிட்டுத்தான் போகப்போறேன் தங்கச்சி. அழட்டும்" என்றார்.