உங்களுக்குத் தெரியுமா? கொட்டியது டீ, பழி பேட்டரிக்கு!

லேப்டாப்பில் டீ கொட்டி, மறுநாள் சார்ஜ் ஏறவில்லை என்றதும் தாராபுரத்துச் சர்வீஸ் கடைகளில் முதலில் விழும் கேள்வி, "பேட்டரி மாத்தோணுமுங்களா?" என்பதுதான். லித்தியம் அயனி செல் அடைத்து மூடிய பொருள். 1991-ல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே, உள்ளே ஈரம் புகாமல் மூடுவது தயாரிப்பின் அடிப்படை விதி. டீ அதற்குள் போவதில்லை. கீபோர்டு வழியாக இறங்கி மதர்போர்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேட்டரி வாங்கக் கிளம்புகிறவர்கள் ஐந்து நிமிடம் இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

●

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. கடத்துவது அதில் கரைந்திருக்கும் உப்புகள். அமராவதி ஆற்றுத் தண்ணீரைவிட, சோப்பு நுரைக்காத போர்த் தண்ணீர் லேப்டாப்புக்குக் கெடுதல். உடுமலைச் சாலையில் வாங்கிய இளநீர் இன்னும் மோசம்; பொட்டாசியம் நிறைந்தது என்று டாக்டர்கள் புகழும் அதே குணம்தான் இங்கே வில்லன். உப்புப் போட்ட மோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

●

'ஷட்டவுன் பண்ணிட்டேன்' என்றால் மின்சாரம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டின் சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்து நகரத் தொடங்கும். செம்புக் குடத்தில் களிம்பு ஏற மாதக்கணக்காகும். மின்சாரம் துணைக்கு இருந்தால் அதே வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் கொட்டியவுடன் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப்பைக் கூடாரம் போல விரித்து, கீபோர்டு தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். 'வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துருவோம்' என்று ஆன் செய்வதில்தான் நிறைய போர்டுகள் போகின்றன.

●

அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வைத்தியம் பலிக்காது. ஈரமான ஐபோனை அரிசியில் வைக்க வேண்டாம், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் தன் உதவிக் குறிப்பில் எழுதியது. லேப்டாப்புக்கும் அதேதான். தண்ணீர் எப்படியும் காய்ந்துவிடும். நம்மூர்க் காற்றுக்கு அரிசியின் உதவி தேவையில்லை. காயாமல் நிற்பது உப்பும் சர்க்கரையும் பாலும். அவற்றை எந்த அரிசியும் உறிஞ்சாது. காங்கேயம் பக்கத்து அரிசியானாலும் சரி.

●

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். மூலனூர், குண்டடம் பக்கமெல்லாம் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான். அந்தக் காலத்து மாடல்களில் பெரும்பாலும் பேட்டரி அடிப்பக்கம் கழற்றி மாட்டும் விதம். இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். இப்போதைய மெல்லிய மாடல்களில் பத்துப் பன்னிரண்டு திருகாணியைக் கழற்றினால்தான் பேட்டரியின் முகமே தெரியும். டீ கொட்டும் நேரத்தில் பழைய தடியன்தான் உயர்ந்தவன் என்பது என் கட்சி.

பீரோ மேல் வருடக்கணக்காகக் கிடந்த லேப்டாப் சார்ஜ் ஏறாமல் போவது வேறு கதை. செல்லின் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றே கதவைச் சாத்திவிடும். அந்த வழக்கில் பேட்டரி குற்றவாளிதான்.

●

அடாப்டரிலேயே சின்ன விளக்கு இருக்கிறதா? அது பெரிய சாட்சி. சுவரில் செருகும்போது எரிந்து, லேப்டாப்பில் செருகியதும் அணைந்துவிட்டால், போர்டில் ஷார்ட் என்று அர்த்தம். அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியீட்டை நிறுத்திக்கொள்கிறது. இந்த நிலையில் பேட்டரியை மாற்றியும் பயனில்லை, அடாப்டரை மாற்றியும் பயனில்லை.

விளக்கு அணையாமல், லேப்டாப்பும் ஓடி, சார்ஜ் மட்டும் ஏறவில்லை என்றால் வழி வேறு. அடாப்டர் தரும் 19 அல்லது 20 வோல்ட் நேராகப் பேட்டரிக்குப் போவதில்லை. ஜாக், அதைத் தாண்டி சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்டுகள், அப்புறம் சார்ஜிங் ஐசி. அந்த ஐசிதான் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும். மூன்று செல் வரிசையென்றால் 12.6, நான்கு என்றால் 16.8. மின்னோட்டத்தை அளக்க நடுவில் ஒரு மின்தடை இருக்கும். பல போர்டுகளில் அதன் அளவு 0.01 ஓம்தான். அதன் காலடியில் கொஞ்சம் களிம்பு படிந்தாலும் கணக்குத் தப்பிவிடும். கணக்குத் தப்பினால் ஐசி சார்ஜை நிறுத்திவிடும்.

டெல் லேப்டாப்பில் இன்னொரு சூட்சுமம். சார்ஜர் பின்னின் நடுவே ஊசி போல ஒரு கம்பி இருக்கும். அடாப்டர் 'நான் இன்ன வாட்' என்று லேப்டாப்பிடம் சொல்வது அதன் வழியாகத்தான். அந்தப் பேச்சு அறுந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. ஜாக்கில் பட்ட ஒரு சொட்டு டீ போதும்.

●

பேட்டரியும் போர்டும் கூடத்தான் பேசிக்கொள்கின்றன. இரண்டே கம்பிகள். 1990-களின் நடுவில் இன்டெல்லும் ட்யூராசெல்லும் சேர்ந்து வகுத்த முறை அது. எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எவ்வளவு சூடு, எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறது என்று எல்லாமே அதன் வழியே போகும். அந்தக் கனெக்டரில் ஈரம் பட்டால், முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் பேட்டரியைப் பார்த்தே 'நோ பேட்டரி டிடெக்டட்' என்று திரை சொல்லும். 'ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வந்தால் பேட்டரி தெரிகிறது, சார்ஜ் செய்ய அனுமதிதான் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. கடைக்குப் போகும் முன் எந்த வாசகம் வந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

●

பேட்டரிக்குள் வெப்பத்தை உணரும் சென்சார் ஒன்று உண்டு. பொதுவாக 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சார்ஜ் குறையும் அல்லது நிற்கும். சித்திரை வெயிலில் மெத்தை மேல் வைத்து வேலை பார்க்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சென்சார் பாதையில் ஈரம் பட்டால் குளிர்ந்திருக்கும் பேட்டரியும் கொதிப்பதாகத் தெரியும், சார்ஜ் ஏறாது.

●

டீ கொட்டிய பயத்தில் இருக்கிறவர் கண்ணில் படும் இன்னொரு பேய்: 60 சதவீதத்தில் நின்றுவிடும் சார்ஜ். லெனோவோ லேப்டாப்களில் கன்சர்வேஷன் மோட் என்று ஒன்று உண்டு. பேட்டரி ஆயுளைக் கூட்டச் சார்ஜைப் பாதி வழியில் நிறுத்தும் வசதி. மற்ற நிறுவனங்களிலும் 80 சதவீதத்தோடு நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. செட்டிங்கைப் பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

●

டைப்-சி ஜாக் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை. அதில் 20 வோல்ட் வரை சுமக்கும் முனைக்கு ஒட்டினாற்போல் அடுத்ததாக இருப்பது, எத்தனை வோல்ட் வேண்டும் என்று பேரம் பேசும் நுண்ணிய முனை. இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு துளி ஈரத்தோடு சார்ஜர் செருகினால் பேரம் பேசும் சிப் காலி. ஈரம் இருக்கிறது என்று போன்கள் எச்சரிக்கும். பெரும்பாலான லேப்டாப்கள் வாயே திறக்காது.

●

கை தேர்ந்த மெக்கானிக் போர்டைக் கழுவுவதைப் பார்ப்பதே ஒரு அனுபவம். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷை ஐபிஏ என்னும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஒவ்வொரு ஐசியின் காலையும் தேய்ப்பார். ஆனால் சர்க்கரை அந்த ஆல்கஹாலில் கரையாது! சர்க்கரை போட்ட டீ என்றால் முதலில் டிஸ்டில்டு வாட்டர், பிறகுதான் ஐபிஏ. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்தத் தண்ணீர்தான். ஆசிட் கேன் அல்ல, லேபிளைப் படியுங்கள். கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசரை ஊற்றாதீர்கள். அதில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கும்.

ஷார்ட்டைத் தேடும் வித்தை இன்னும் அழகு. சந்தேகப்படும் தடத்தில் ஒரு வோல்ட் போல மிகக் குறைந்த மின்சாரத்தைக் கொடுத்து, போர்டு மேல் ஐபிஏவை மெல்லப் பூசுவார்கள். எந்த இடம் மற்றவற்றுக்கு முன்னால் காய்கிறதோ, அங்கே சூடு. பெரும்பாலும் கடுகைவிடச் சின்னக் கெபாசிட்டர் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். மாற்ற வேண்டியது அது ஒன்றுதான்.

●

உலோகம் அரிப்பதையும் லித்தியம் பேட்டரியையும் ஒரே கூரையின் கீழ் ஆராயும் நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில் திறந்தார்கள்.

●

டீ கொட்டியும் இரண்டு வாரம் நன்றாக ஓடிய லேப்டாப், ஐப்பசி மழை ஆரம்பித்ததும் சார்ஜ் ஏற மறுக்கும். உள்ளே காய்ந்து கிடந்த உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனைவதுதான் காரணம். தாராபுரத்துக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான். கோடையில் கொட்டியது மழையில் பழி வாங்குவதும் நடக்கும். 'காஞ்சு போச்சு, ஓடுது' என்று விட்டுவிடாமல் ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது மலிவு.

●

பேட்டரியே நனைந்திருந்தாலோ உப்பியிருந்தாலோ அதைச் சார்ஜ் போடவே கூடாது. குத்தவும் கூடாது, அழுத்திச் சட்டத்துக்குள் திணிக்கவும் கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஐ.எஸ். 16046 என்ற தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

●

பல லேப்டாப்களின் உள்ளே வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஈரம் பட்டால் சிவந்துவிடும். 'தண்ணியே படலீங்க, தானா நின்னுருச்சு' என்று வாரண்டி கேட்பவருக்குப் பதில் சொல்ல வைத்தது அது. சாதாரண வாரண்டியில் திரவச் சேதம் வராது. தனியாக விபத்துப் பாதுகாப்பு வாங்கியிருந்தால்தான் உண்டு. ஆக, உண்மையைச் சொல்வதில் நஷ்டமில்லை. என்ன கொட்டியது, எப்போது, அந்த நேரம் சார்ஜரில் இருந்ததா, பிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். டீயில் சர்க்கரை உண்டா இல்லையா என்பதையும்.