கடல் விலகிய ஊர்களும் கடல் விழுங்கும் தீவுகளும்

தூத்துக்குடி என்றதும் முத்து ஞாபகத்துக்கு வரும், உப்பு ஞாபகத்துக்கு வரும், கப்பலோட்டிய வ. உ. சி. ஞாபகத்துக்கு வருவார். ஆனால் அந்த ஊருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பனிமய மாதா கோவிலைத் தரிசித்துவிட்டு, ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு, திருச்செந்தூருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் பாருங்கள். ஓர் ஆறு, மூன்று பழைய துறைமுகங்கள், நான்கு தீவுகள் ஆகியவற்றின் கதை அங்கே இருக்கிறது.

நான்கு தீவுகள் என்றா சொன்னோம்? இப்போது மூன்றுதான் கண்ணில் படும். நான்காவது என்ன ஆயிற்று? பிறகு சொல்கிறோம்.

கடலைத் தொலைத்த கொற்கை

காலையில் முதலில் கொற்கைக்குப் போக வேண்டும். ஏரலுக்கு அருகே, வயலும் வாழைத் தோட்டமுமாக இருக்கிற சின்னக் கிராமம். பாண்டியர்களின் பெரிய துறைமுகம் இதுதான் என்றால் புதிதாக வருகிறவர் நம்ப மாட்டார். ஏனென்றால் அங்கே கடலே இல்லை! சுமார் ஆறு கிலோ மீட்டர் கிழக்கே போனால்தான் அலையைப் பார்க்கலாம்.

முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய வழிகாட்டி நூல் இவ்வூரைக் ‘கொல்கி’ என்கிறது. தண்டனை பெற்ற கைதிகளை இங்கே முத்துக் குளிக்க அனுப்பினார்கள் என்றும் சொல்கிறது. அரசிகளின் கழுத்தில் மின்னிய முத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய மூச்சு அடங்கியதோ!

1968-69-ல் தமிழகத் தொல்பொருள் துறையினர் இங்கே தோண்டினார்கள். கிடைத்த கரித்துண்டைச் சோதித்தபோது அதன் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்று தெரிந்தது. 2021-ல் மறுபடியும் அகழாய்வு நடந்தது. ஊரில் அக்கசாலை விநாயகர் கோவில் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். நாணயச் சாலை போய்விட்டது. பெயர் மட்டும் பிள்ளையாரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

கடலை விலக்கியது யார்? பக்கத்தில் ஓடும் தாமிரபரணிதான். பொதிகை மலையில் பிறந்து, நெல்லைச் சீமையை நனைத்து வரும் அந்த ஆறு, ஆண்டுதோறும் வண்டல் மண்ணையும் சுமந்துகொண்டு வந்தது. முகத்துவாரம் தூர்ந்தது. கரை கிழக்கே நகர்ந்தது. கப்பலும் வியாபாரமும் கரையோடு நகர்ந்தன.

குதிரை இறங்கிய காயல்

அப்படி நகர்ந்து நின்ற இடம் காயல். இன்று தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில், உப்பளங்களைத் தாண்டி வரும் பழையகாயல்தான் அது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ இதைப் பார்த்து வியந்தார். ஹார்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்து இறங்கின.

முத்துக் குளிப்பையும் அவர் விவரிக்கிறார். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாமீன் கடிக்காமல் மந்திரம் போடுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு! 1870-களில் கால்டுவெல் ஐயர் இங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன.

காயலையும் ஆறு விடவில்லை. அங்கும் கடல் விலகியது. இன்று தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர் வழியாகப் போகலாம். போர்த்துகீசியர் காலத்தில் இங்கிருந்த ஹென்ரிக்கஸ் பாதிரியார் தமிழ் கற்று, தமிழை அச்சில் ஏற்றினார். 1586-ல் அவருடைய ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது.

மச்சான் பிடித்த கயிறு

கடைசியாகத்தான் தூத்துக்குடிக்கு யோகம் அடித்தது. போர்த்துகீசியர், 1658-ல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோருக்கும் ஆசை முத்தின் மேல்தான்.

முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். குளியாளி ஒரு கல்லின் கனத்தில் சர்ரென்று கீழே இறங்குவார். மூச்சு அடங்குவதற்குள் சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே படகில் கயிறு பிடிப்பவர் உடனே இழுக்க வேண்டும். அந்த வேலையை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் ஒப்படைப்பார்கள் என்று சொல்வதுண்டு. சகோதரியின் தாலி பாக்கியம் அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது!

1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி முத்துக் குளிப்பு. பிறகு பார்களில் சிப்பி போதிய அளவு விளையவில்லை. சங்கு குளிப்பு மட்டும் தொடர்ந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். மறு ஆண்டே புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது.

நான்காவது தீவு எங்கே?

இனி தீவுகளுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடியை ஒட்டியவை நான்கு: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. 1986 முதல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இறங்க அனுமதி கிடையாது. எட்ட நின்று பார்ப்பதோடு சரி.

விலாங்குசல்லியை எட்ட நின்றும் பார்க்க முடியாது. அது கடலுக்குள் மூழ்கிவிட்டது. காரைச்சல்லி 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தத் தடவை குற்றவாளி ஆறு அல்ல; நாம்தான். தீவைச் சுற்றியிருந்த பவளப் பாறை அலையைத் தடுத்து நிறுத்தும் மதில். அந்த மதிலைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு காலம் வெட்டி வெட்டிக் கரை சேர்த்தோம். மதில் போனதும் அலை நேரே தீவின் மேல் பாய்ந்தது. 2001-ல் பவளப் பாறைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அதற்குள் நஷ்டம் நடந்துவிட்டது.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. வான் தீவின் முன்னே 2015-ம் ஆண்டு இறுதியிலிருந்து சிமெண்டினால் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அரிப்பு தணிந்தது; மணல் சேரத் தொடங்கியது. காரைச்சல்லிக்கும் இதே ஏற்பாட்டை அரசு அறிவித்திருக்கிறது.

நம் கடலுக்கு அக்கரையிலும் இப்படி ஒரு கதை உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில், டான்சானியா நாட்டில், கில்வா என்ற தீவு பழங்காலத்தில் பெரிய வியாபார நகரம். 1981-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் இடிபாடுகள் அழிந்து வருவதாக 2004-ல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். பத்து வருஷம் பாடுபட்டு, 2014-ல் அந்தப் பட்டியலிலிருந்து மீட்டார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

கொற்கையிலிருந்து கடல் விலகப் பல நூற்றாண்டுகள் ஆயின. அது இயற்கையின் வேலை, யாரையும் நோவதற்கில்லை. ஒரு தீவைத் தொலைக்க நமக்கு ஓர் ஆயுள்காலமே போதுமானதாக இருந்தது. கீழே இறங்கியவரின் உயிர் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது போல, மிச்சமிருக்கும் மூன்று தீவுகளின் உயிர் இன்று நம் கையில் இருக்கிறது. கயிறு அசைகிறது, இழுக்க வேண்டியது நாம்தான்.