இஞ்சினுக்கு வெப்பமும் வேண்டும்: டிராக்டரில் தெர்மோஸ்டாட்டை மாற்றும் முறை

உழவுக்கும், பாரம் இழுப்பதற்கும், குப்பை அகற்றுவதற்கும் இன்று நம் கிராமங்களில் டிராக்டரே பெருந்துணையாக விளங்குகிறது. கோடையில் இஞ்சின் சூடேறி ரேடியேட்டர் நீர் கொதிக்கத் தொடங்கினால், தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நம்முடையது வெப்ப நாடு, இஞ்சினுக்குக் குளிர்ச்சியே தேவை என்பது இதற்குக் கூறப்படும் காரணம். இக்கருத்து பொருந்தாது என்பதையும், பழுதான தெர்மோஸ்டாட்டை முறைப்படி மாற்றும் விதத்தையும் இங்கு விளக்குவோம்.

டீசல் இஞ்சினில் தீப்பொறி இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் கடும் வெப்பத்தாலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுவதும் எரிவதில்லை. எரியாத டீசல் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடுகிறது. கீழிறங்கி இஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. எரிந்த வாயுவிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து, கந்தகத்துடன் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கிறது. இதனால் டீசல் செலவு மிகும். லைனரும் பிஸ்டன் வளையங்களும் விரைவில் தேயும்.

குளிர் நாட்டார் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தவரான ஆண்ட்ரூ ஃப்ரீமன், இஞ்சினை மின்சாரத்தால் முன்கூட்டியே சூடாக்கும் கருவிக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். நமக்கு அக்கருவி தேவையில்லை. ஆயினும், இஞ்சின் விரைவில் தக்க வெப்பத்தை அடைய வேண்டும் என்னும் விதி நமக்கும் பொதுவே. அதற்குத் துணை செய்வதே தெர்மோஸ்டாட்.

அதனுள் ஒரு சிறு குமிழும், குமிழினுள் மெழுகும் உள்ளன. நீர் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸை அடையும்வரை வால்வு மூடியிருக்கும். நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பின்னர் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால், சிறு தூரமே ஓடும் பஞ்சாயத்து டிராக்டர் தக்க சூட்டை அடையாமலேயே நின்றுவிடும். மேலும், சில இஞ்சின்களில் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமல் குறுக்கு வழியிலேயே சுற்றும். கடும் உழவின்போது சூடு முன்னிலும் மிகும்.

ஆகவே இஞ்சின் சூடேறினால் முதலில் பிற காரணங்களை ஆராய்க. ரேடியேட்டர் தகடுகளில் வைக்கோல் தூசி அடைத்துள்ளதா? ஃபேன் பெல்ட் தளர்ந்துள்ளதா? நீர் குறைந்துள்ளதா? ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை ஊற்றியதால் உள்ளே உப்பு படிந்துள்ளதா? இவை யாவும் சரியாக இருப்பின் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கலாம்.

இஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கையில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு உடலைப் புண்ணாக்கும். அடியிலுள்ள குழாயைத் திறந்து நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்துக்கொள்க. கூலண்ட் கலந்த நீர் இனிப்பாக இருப்பினும் நஞ்சாகும். கால்நடைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பிறகு மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, தெர்மோஸ்டாட் எப்பக்கம் நோக்கி இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு வெளியே எடுக்கலாம்.

எடுத்ததை நீருள்ள பாத்திரத்தில், அடியில் படாதபடி கயிற்றில் தொங்கவிட்டுச் சூடாக்குக. அதில் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறந்து, ஆறியதும் மூடினால் அது நல்லதே. அதையே திரும்பப் பொருத்தலாம். இல்லையேல், உற்பத்தியாளர் குறித்துள்ள அதே வகையில் புதியதை வாங்குக.

பழைய பேக்கிங்கைச் சுரண்டி, இரு பரப்புகளையும் துடைத்து, மெழுகுக் குமிழ் இஞ்சின் பக்கம் இருக்குமாறு தெர்மோஸ்டாட்டை வைக்க வேண்டும். காற்றுத் துளை இருப்பின் அது மேலே அமைதல் வேண்டும். புதிய பேக்கிங் இட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குக. கையேட்டில் கூறியுள்ள கூலண்ட்டையும் உப்பற்ற நீரையும் கலந்து மெதுவாக நிரப்பி, மூடியின்றிச் சிறிது நேரம் இஞ்சினை ஓட்டுக. மேல் ஹோஸ் சட்டெனச் சூடாவது வால்வு திறந்ததற்கு அடையாளம். காற்று வெளியேறி நீர்மட்டம் தாழ்ந்தால் மேலும் ஊற்றி மூடலாம்.

தெர்மோஸ்டாட் சிறு செலவில் கிடைப்பது. இஞ்சினைப் பிரித்து லைனர் மாற்றுவதோ பெருஞ்செலவு. டிராக்டர் வைத்துள்ள பஞ்சாயத்துகள், தெர்மோஸ்டாட் மாற்றிய தேதியை வண்டியின் பதிவேட்டில் குறித்து வருதல் நலம். பொதுப் பணத்தால் வாங்கிய இயந்திரம் ஊருக்கு நெடுநாள் உழைக்க இது துணைபுரியும்.