கைவிட்டவர்களும் கரை சேர்ந்தவர்களும்: 'ஜித்தா' கப்பலின் வரலாறு

பயணிகள் கப்பல்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அட்லாண்டிக் பெருங்கடலைவிட்டு அகலுவதில்லை. 'மாரிடேனியா', 'டைட்டானிக்', 'குயின் மேரி' என்று அவர்களின் பட்டியல் நீளும். அதே நீராவி யுகத்தில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் அப்பட்டியலில் இடம்பெறுவது அரிது. அவற்றுள் ஒன்று மட்டும் உலக இலக்கியத்தினுள் நுழைந்தது. நுழைந்த விதமே நம் சிந்தனைக்குரியது.

பாய்மரக் காலத்தில் ஹஜ் பயணம் பருவக்காற்றை நம்பியிருந்தது. கீழைத் தீவுகளிலிருந்து சென்று திரும்பப் பல மாதங்கள் ஆயின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் செங்கடலில் நீராவிக் கப்பல்களின் போக்குவரத்து பெருகிற்று. பயணக் காலம் குறைந்தது. பயணிகள் தொகை உயர்ந்தது. சிங்கப்பூரில் வாழ்ந்த ஹள்ரமீ அரபு வணிகக் குடும்பமான அல்ஸகாஃப் குடும்பத்தாரும் இத்தொழிலில் ஈடுபட்டனர். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் 1872-இல் கட்டப்பட்ட 'ஜித்தா' அவர்களுடைய கப்பலாகும். அதில் பறந்தது பிரிட்டிஷ் கொடி. அதனைச் செலுத்தியோர் பிரிட்டிஷ் அதிகாரிகள்.

1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏறத்தாழ 950 பயணிகளுடன் அக்கப்பல் ஜித்தா துறைமுகம் நோக்கிப் புறப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். ஆகஸ்ட் தொடக்கத்தில் கடுங்காற்று சூழ்ந்தது. கப்பலின் ஆட்டத்தில் கொதிகலன்கள் தம் இருக்கையிலிருந்து பெயர்ந்தன; அடித்தளத்தில் நீர் புகுந்தது. பயணிகள் அதிகாரிகளுடன் சேர்ந்து இரவும் பகலும் நீரை இறைத்தனர்.

ஆகஸ்ட் 8, பின்னிரவு. ஹிஜ்ரி 1297-ஆம் ஆண்டின் ரமளான் பிறையை ஒட்டிய நாள் அது. சோமாலியக் கரையின் கார்டாஃபுய் முனைக்கு அப்பால், கப்பல் தலைவரும் அவர் மனைவியும் முதல் துணை அதிகாரியும் தலைமைப் பொறியாளரும் வேறு சிலரும் ஒரு படகில் இறங்கினர். படகுகளோ அனைவருக்கும் போதுமானவையல்ல. கைவிடப்படுவதை உணர்ந்த பயணிகள் தடுக்க முயன்றனர். கையில் அகப்பட்டவற்றை எறிந்தனர். இரண்டாம் துணை அதிகாரியும் சில பயணிகளும் ஏறிய வேறொரு படகு, கயிறுகள் அறுபட்டுக் கடலில் வீழ்ந்தது, அவர்கள் மாண்டனர். இத்துயரத்தையும் மறைத்தலாகாது.

தப்பிய படகினரை 'சிந்தியா' என்னும் கப்பல் மீட்டு, ஆகஸ்ட் 10-இல் ஏடனில் சேர்த்தது. 'ஜித்தா' மூழ்கியது, பயணிகள் வன்முறையில் இறங்கினர் என்று அவர்கள் கூறினர். தந்தி வழியே அச்செய்தி இலண்டனை எட்டிற்று. மறுநாள் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மூழ்கியதாகச் சொல்லப்பட்ட கப்பல், 'அன்டீனர்' என்னும் கப்பலால் இழுக்கப்பட்டு, பயணிகளுடன் அதே துறைமுகத்தினுள் வந்து சேர்ந்தது! அதிகாரிகள் அகன்ற பின்னரும் பயணிகள் இறைப்பதை நிறுத்தவில்லை. அபாய அடையாளம் ஏற்றி உதவியை நாடினர். 'அன்டீனர்' கப்பலின் முதல் துணை அதிகாரி 'ஜித்தா'வில் ஏறி, அவர்களின் உழைப்பைத் துணைகொண்டே அதனைக் கரை சேர்த்தார்.

ஏடனில் விசாரணை நடைபெற்றது. கப்பல் தலைவரின் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. முதல் துணை அதிகாரி கண்டிக்கப்பட்டார். ஆயிரத்தை நெருங்கும் உயிர்களைக் கைவிட்டதற்கு இதுவே தண்டனை. அத்துணை அதிகாரி பிற்காலத்தில் சிங்கப்பூரிலேயே வாழ்ந்து 1916-இல் மறைந்தார்.

அவரை முன்மாதிரியாகக் கொண்டே ஜோசப் கான்ராட் தம் 'லார்ட் ஜிம்' நாவலை 1900-இல் நிறைவு செய்தார். அதில் கப்பலின் பெயர் 'பட்னா'. பயணிகள் 800 பேர். கடமை தவறிய ஓர் இளைஞனின் மனச்சான்று படும் வேதனையை அந்நாவல் ஆழமாகச் சித்திரிக்கிறது. அதன் இலக்கியத் தகுதியை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு மாற்றத்தைக் கவனித்தல் வேண்டும். நாவலில் ஆபத்து நேரும் இரவில் ஹாஜிகள் உறங்கிக்கொண்டிருக்கின்றனர். எதையும் அறியார், எதையும் செய்யார். வரலாற்றிலோ அவர்கள் விழித்திருந்தனர், இறைத்துக்கொண்டிருந்தனர். ஓடியவர் கதாநாயகராயினர், கப்பலைக் காத்தவர் பெயரற்ற கூட்டமாயினர். புனைவாசிரியருக்கு அவ்வுரிமை உண்டு. புனைவையே வரலாறாகக் கொள்ளும் உரிமை வாசகருக்கு இல்லை.

இந்தியாவிலிருந்து கடல்வழி ஹஜ் பயணம் 1995-இல் நின்றுவிட்டது. அக்கப்பல்களில் சென்று வந்தோர் இன்று முதியோராகிவிட்டனர். பயணிகளின் உயிர் கப்பல் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்றால், அவர்களின் நினைவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் ஆகும். அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைப்போமாக. நாம் எழுதாவிடில், அவர்களும் ஒருநாள் பிறருடைய நாவலில் உறங்குவோராகவே எஞ்சுவர்.