வாங்கியதும் வேண்டியதும்

சென்ற தவணையில் மாணவனொருவன் எழுதிய கட்டுரையில் யான் இரண்டு பிழை கண்டேன். 'மனத்தை வருத்திய ஒரு நிகழ்ச்சி' என்பது தலைப்பு. ஏனையோர் பாட்டியாரின் மறைவையோ பரீட்சையிற் குறைந்த புள்ளிகளையோ எழுதியிருக்க, இவன் மாத்திரம், 'அண்ணா காசு கொடுத்து வேண்டின விளையாட்டைக் கம்பனி திரும்ப எடுத்துக்கொண்டது' என்று தொடங்கியிருந்தான். 'வேண்டின' என்பதை வெட்டி, மேலே 'வாங்கிய' என்று எழுதினேன். கடையில் விலைக்கு வாங்குவதை வேண்டுதல் என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கு. நூல்வழக்கில் வேண்டுதலாவது விரும்புதலும் இரத்தலுமாம். முப்பது ஆண்டுகளாக இச்சொல்லை வெட்டி வருகின்றேன். இப்பொழுது கை தானே சென்று வெட்டுகின்றது. மற்றப் பிழை பொருள் பற்றியது. வாங்கிய பொருளை விற்றவன் எங்ஙனம் திரும்ப எடுப்பான்? எடுத்தானாயின் அதன் பெயர் களவு. அவ்வாறே எழுதுக என்று ஓரத்திற் குறித்தேன்.

மறுநாள் பையன் கொப்பியுடன் வந்து நின்றான்.

"ஐயா, களவென்று எழுதினாற் பொய்யாகிவிடும். அவர்கள் சட்டப்படிதான் எடுத்தார்கள்."

"காசைத் திருப்பித் தந்தார்களா?"

"இல்லை, ஐயா."

"அப்படியானால் உன் அண்ணன் அதை வாங்கவில்லையா?"

"வாங்கினவர்தான். ஆனால் அது அவருடையதில்லை."

இலக்கணம் படிப்பித்தே தலை நரைத்த எனக்கு, இந்த மறுமொழியில் வழு எங்கேயென்று சுட்டிக்காட்ட இயலவில்லை. எழுவாய் பயனிலை எல்லாம் சரியாகவே நின்றன.

கணினி விளையாட்டுப் பற்றி யான் அறிந்தது சொற்பம். வகுப்பிலே மாணவரின் கைத்தொலைபேசியைப் பறித்து மேசை இலாச்சியில் வைக்கும்போது அதன் முகப்பில் ஓடும் உருவங்களைக் கண்டதே என் பயிற்சி. ஆயினும் பையனுடைய மறுமொழி என்னை விடவில்லை. விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகின்றேன். இஃது விளையாடுவோருடைய வழக்கு மாத்திரமன்று என்பது போகப் போகத் தெரியும்.

இவ்வகையில் உலகெங்கும் பேசப்பட்டது 'த குறூ' என்னும் விளையாட்டின் கதை. பிரான்சு நாட்டு யூபிசொப்ட் நிறுவனம் 2014 திசெம்பரில் அதனை வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்து, அதன் நெடுஞ்சாலைகளிலே மோட்டார் வண்டி ஓட்டும்படி அமைத்த விளையாட்டு அது. இறுவட்டாகக் கடையில் வாங்கியவரும் உளர். இணையவழி பெற்றவரும் உளர். ஆனால் இறுவட்டைக் கையில் வைத்திருந்தவனிடமும் விளையாட்டு முழுவதும் இருக்கவில்லை. ஒரு பாதி அவனுடைய கணினியில். மறு பாதி நிறுவனத்தின் சேவையகத்தில். தன்னந்தனியே இருந்து ஓட்ட விரும்பினாலும், அவன் கணினி முதலிற் சேவையகத்தை அழைத்து அதன் இசைவைப் பெறவேண்டும். 2023 திசெம்பரில் நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்தியது. 2024 மார்ச்சு 31ஆந் திகதி சேவையகங்களை மூடியது. மறுநாள் அந்த இறுவட்டு முகம் பார்ப்பதற்கு மட்டும் உதவும் வட்டமாயிற்று. வாங்கியோர் பலருடைய கணக்கிலிருந்து உரிமமும் சில நாள்களில் நீக்கப்பட்டது.

கலிபோனியாவில் இருவர் 2024 நவெம்பரில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். நிறுவனத்தார் கூறிய மறுமொழியின் சாரம் இது: நீங்கள் பெற்றது விளையாட்டன்று, வரையறைக்குட்பட்ட உரிமம், அஃது உங்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டது. அறிவித்தல் இருந்தது உண்மையாகலாம். சிறிய எழுத்தில் ஒன்றை அச்சிட்டுவிட்டு, அச்சிட்டோம் என்று பிற்காலத்திற் சொல்லும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவிலே ஒரு பதிப்பகத்தார் தம் நாவலொன்றில், இதனை ஒரு டொலருக்குக் குறைத்து விற்றல் ஆகாது என்று அச்சிட்டிருந்தனர். பெருங்கடையொன்று 89 சதத்துக்கு விற்றது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை விற்றபின் அப்பிரதியின்மேற் பதிப்பகத்தாருக்கு அத்தகைய அதிகாரம் இல்லையென்று 1908இல் தீர்ப்பாயிற்று. பழைய புத்தகக் கடைகள் உயிர்வாழ்வதும், ஒருவர் தாம் படித்த நூலை மற்றவருக்குக் கொடுப்பதும் இத்தகைய நெறியின் நிழலிலேதான். அச்சு நூலுக்குக் கிடைத்த அந்நிழல் உரிமத்துக்குக் கிடைக்கவில்லை. விற்கவே இல்லை என்று சொல்லிவிட்டால், விற்றபின் யாது என்ற கேள்வியே எழாதன்றோ!

பொருள் கைமாறும் வகைகளை எம் முன்னோர் நுணுக்கமாகப் பெயரிட்டு வைத்தனர். விலைக்குக் கொள்ளல் உண்டு, இரவல் உண்டு, குத்தகை உண்டு. ஒற்றி என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையிலே அதற்குத் தனியிடம் உண்டு. பணங் கொடுத்தவன் காணியை ஆண்டு அதன் பயனை நுகர்வான். காணிக்காரன் மீட்க விரும்பின் பெற்ற பணத்தைக் கொண்டுவந்து வைக்கவேண்டும்.

இச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அவ்விளையாட்டின்மேற் பொருத்திப் பார்த்தேன். விலையென்றாற் பொருள் கொண்டவனிடம் நிற்கவேண்டும், நிற்கவில்லை. இரவலென்றாற் பணம் வாங்கலாகாது, வாங்கினார்கள். குத்தகையென்றால் தவணை குறிக்கவேண்டும். எத்தனை ஆண்டுக்கென்று எவரும் குறிக்கவில்லை. முதல் நாளிற் பெற்றவனுக்கு ஒன்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. கடைசியிற் பெற்றவனுக்கு நான்கு மாதமும் இல்லை. இருவர் கையிலும் கொடுத்த உரிமம் ஒன்றே. ஒற்றியென்றாலோ மீட்பவன் பணத்தைத் திருப்பவேண்டும். மிக அண்மையில் வாங்கியோரை விட்டால் ஏனையோருக்கு அந்தப் பேச்சே இல்லை. பனங்காணிக்கும் வயற்காணிக்கும் மூன்று நூற்றாண்டின் முன் எழுதி வைத்த ஒழுங்கு, காணிக்காரனையும் பணக்காரனையும் ஒரே கயிற்றாற் கட்டியது. இன்றைய உரிமத்திற் கயிற்றின் ஒரு நுனி மாத்திரமே கட்டப்பட்டிருக்கின்றது.

கலிபோனியா மாநிலத்தார் இதற்கு ஒரு பரிகாரந் தேடினர். 2024 செத்தெம்பரில் ஒப்பமாகி, 2025 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, மீட்கப்படத்தக்க உரிமமே இது என்று தெளிவாக அறிவியாமல், எண்மப் பொருளுக்கு 'வாங்குக' என்ற சொல்லை வழங்குதல் ஆகாதெனத் தடுக்கின்றது. ஒரேயடியாக இறக்கி வைத்து, இணையத் தொடர்பின்றியே என்றும் பயன்படுத்தத் தக்கவற்றுக்கு இத்தடை இல்லை. இதனைப் படித்தபோது எனக்குண்டான மகிழ்ச்சியை மறைக்கமாட்டேன். ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காப்பதற்கு ஒரு சட்டசபை கூடியிருக்கின்றது! அகராதிக்காரருக்குங் கிடைக்காத பேறு.

மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. சட்டம் சொல்லைத் திருத்தியது. செயலை இருந்தபடியே விட்டது. 'ஸ்டீம்' என்னும் பெரிய இணையக் கடை 2024 ஒத்தோபரில், பணஞ் செலுத்தும் இடத்திலே, நீங்கள் பெறுவது உரிமம் என்று ஒரு வரி சேர்த்தது. வாடிக்கையாளர் அவ்வரியைக் கண்டபின்னும் பணஞ் செலுத்துகின்றனர். வேறென் செய்வர்? முன்பு அறியாமல் இழந்தனர். இனி அறிந்து இழப்பர்.

"விளையாட்டுத்தானே, போனாற் போகட்டும்" என்றார் ஆசிரிய நண்பர் ஒருவர். அவருக்கு 2009 யூலையில் நிகழ்ந்ததைச் சொன்னேன். அமேசன் நிறுவனம் 'கிண்டில்' என்னும் வாசிப்புக் கருவியின் வழியாக ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய இரண்டு நூல்களின் பிரதிகளை விற்றது. பதிப்பித்தவருக்கு உரிமை இல்லையென்று கண்டதும், வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அவற்றை நீக்கியது. பணத்தைத் திருப்பியது, அதன் தலைவர் ஜெவ் பேசோஸ் பின்னர்ப் பகிரங்கமாக மன்னிப்புங் கோரினார். நீங்கிய நூல்களுள் ஒன்று '1984'. பழைய பத்திரிகைகளை அரசு திருத்தி எழுதி முன்னையவற்றை எரிக்கும் கதை. பாடத்துக்காக அந்நூலைப் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்புகள், அவை சுட்டிய பக்கங்கள் மறைந்தமையாற் பயனற்றுப் போயின. நண்பர் ஒன்றும் பேசவில்லை. அவர் தம் அகராதியைக் கைத்தொலைபேசியில் வைத்திருப்பவர்.

நிறுவனத்தார் பக்கத்தையும் கேட்கவேண்டும். சேவையகம் காற்றை உண்டு வாழ்வதன்று. மின்சாரமும் ஆள்களும் வேண்டும். விளையாடுவோர் அருகியபின் அதனை என்றும் நடத்துக என்பது நீதியாகாது. ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் 2025 யூலையில் வேறு இரண்டு காரணங் கூறிற்று. தனியார் சேவையகம் நடத்தினால் விளையாடுவோரின் தகவல்களைக் காக்கவும் சட்டத்துக்கு மாறானவற்றை நீக்கவும் வழியிராது என்பது ஒன்று. இணையத்துக்கென்றே அமைத்தவற்றை மாற்றுவதாற் செலவு பெருகும் என்பது மற்றொன்று. முன்னையது சிந்திக்கத்தக்கது. பின்னையதற்கு மறுப்பு அதே யூபிசொப்ட் நிறுவனத்திலிருந்தே வந்தது. 'த குறூ'வின் வழிவந்த இரண்டு விளையாட்டுகளையும் இணையமின்றி விளையாடத்தக்கதாக்குவோம் என்று அது 2024இல் அறிவித்தது. அவற்றுள் முந்தியதற்கு 2025இல் அவ்வாறே செய்தது. மூடப்பட்ட விளையாட்டையும் ஆர்வலர் சிலர், தாமே சேவையக நிரல் எழுதி, 2025இல் மீண்டும் ஓடச் செய்தனர். ஊதியம் பெறாதவரால் இயன்றது விற்றவரால் இயலாதென்பது எங்ஙனம்?

ரொஸ் ஸ்கொட் என்னும் அமெரிக்கர் 2024 ஏப்பிரலில் தொடங்கிய இயக்கம் கேட்பதும் இவ்வளவே. விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துக என்பது அவ்வியக்கத்தின் பெயர். என்றும் நடத்துக என்று அவர்கள் கேட்கவில்லை. விட்டுப் போகும்போது, வாங்கியவன் விளையாடக்கூடிய நிலையில் விட்டுப் போங்கள் என்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காகத் திரட்டிய குடிமக்கள் மனு 2025 யூலையிற் பத்து இலட்சம் ஒப்பம் என்னும் எல்லையைக் கடந்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் 2025 நவெம்பர் 3ஆந் திகதி விவாதமும் நடந்தது. நுகர்வோர் சட்டத்தை மாற்றும் எண்ணம் இல்லையென்று அரசாங்கம் கூறிவிட்டது.

பணத்தினும் பெரிய இழப்பொன்று இதில் உண்டு. ஏட்டுச்சுவடியோடு பழகியவர்க்கு அது விரைவிற் புலப்படும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் காலத்திற் சுவடிகள் கரையான் அரித்தும், தொட்ட இடம் ஒடிந்தும் கிடந்தன. ஆயினும் ஒரு வீட்டில் அழிந்த பகுதி இன்னொரு வீட்டிற் பிழைத்திருக்கும். வீட்டுக்காரன் அதன் அருமை அறியாதவனாயிருக்கலாம். பரணிற் போட்டுவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் அஃது அவனுடையது. எழுதினவரின் வழிவந்தோர் எவரும் படலையில் வந்து நின்று, தவணை முடிந்தது, ஏட்டை இறக்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை. பிரதிகள் பலர் கையிற் சிதறிக் கிடந்தமையாலன்றோ சங்கநூல்கள் எமக்குக் கிடைத்தன! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, பிறிதோரிடத்திற் பிரதி இருந்த நூல்களைத் தேடிப் பெறலாமாயிற்று. ஒற்றைப் பிரதியாயிருந்த சுவடிகள் போயினவே போயின.

சேவையகத்தில் வாழும் படைப்புக்கு உலகம் முழுவதிலும் ஒரே வீடு. அதன் திறப்பும் ஒருவரிடம். இவ்விளையாட்டுகளிலே ஓவியமும் இசையும் கதையும் உள்ளன. பிடித்தமானவையோ அல்லவோ, இக்காலத்து இளைஞர் எதிலே மனந் தோய்ந்தனர் என்று நூறு ஆண்டின் பின் ஆராய்வோனுக்கு இவையே மூலம். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 விற்பனையில் இல்லையென்று, விளையாட்டு வரலாற்று ஆய்வு நிறுவனமொன்று 2023இற் கணக்கிட்டது. நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர் தம் இடத்திலிருந்தே பார்க்க இசைவு கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒத்தோபரில் மறுத்துவிட்டது. கணினியை யான் பழிப்பதாக எவரும் எண்ணவேண்டா. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ம நூலகத்திலிருந்து யானும் எத்தனையோ பழைய பதிப்புகளை இறக்கி வைத்திருக்கின்றேன். இறக்கியவை என்னிடம் இருக்கின்றன; இணையம் அறுந்தாலும் இருக்கின்றன.

பையனுடைய கொப்பி ஒரு கிழமை என் மேசையிற் கிடந்தது. ஓரத்தில் எழுதிய 'களவு' என்பதை வெட்டினேன். பின், மேலே எழுதிய 'வாங்கிய' என்பதை நோக்கினேன். ஒன்றைக் கேட்குமிடத்துத் தாழ்ந்தோன் 'ஈ' என்றும், ஒத்தோன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கூறுவரெனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்தார். பணத்தையும் கொடுத்து, அவர்கள் விடும் வரையில் இருக்கட்டுமென்று காத்து நிற்பவன் இம்மூவருள் எவன்? பையன் எழுதியிருந்தது 'வேண்டின' என்பது. என் திருத்தத்தை வெட்டி, அவன் சொல்லின் கீழே புள்ளியிட்டு, 'இருக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவன் அதனை இரண்டு முறை பார்த்தான். "ஐயா, அப்படியென்றாற் பரீட்சையிலும் வேண்டினார் என்று எழுதலாமோ?"

எழுதாதே என்றேன்.