நாணயம் இழந்த நாணயத்தாள்கள்

நாணயம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. கையிற் புழங்குங் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். பின்னது குன்றினால் முன்னது எவ்வாறு வெறுந்தாளாகும் என்பதை அமெரிக்கத் தனியார் வங்கிகளின் பழைய தாள்கள் நன்கு விளக்குகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டு மக்களிடம் வழங்கிய தாள்நாணயம் பெரும்பாலும் அரசாங்கம் வெளியிட்டதன்று. மாநிலங்களின் அனுமதி பெற்ற வங்கிகள் தத்தம் பெயரில் தாள்களை அச்சிட்டன. தாளைக் கொணர்ந்தவர் கேட்டவுடன் பொன்னோ வெள்ளியோ கொடுப்போம் என்பதே அவற்றின் வாக்குறுதி.

1837இல் மிச்சிகன் மாநிலம், குறித்த நிபந்தனைகளுக்கு உட்படும் எவரும் வங்கி தொடங்கலாமெனச் சட்டமியற்றியது. ஆளரவமற்ற இடங்களிலும் வங்கிகள் முளைத்தன. காட்டுப்பூனை திரியும் இடத்து வங்கிகளென மக்கள் அவற்றை எள்ளினர். பரிசோதகர் வருமுன் ஒரே காசுப்பெட்டி வங்கிக்கு வங்கி கொண்டோடப்பட்டது. அடியில் ஆணிகளை நிரப்பி மேலே காசைப் பரப்பிய பெட்டிகளும் அகப்பட்டன. சில ஆண்டுகளில் அவ்வங்கிகளிற் பெரும்பாலானவை வீழ்ந்தன. கூலியாக அத்தாளைப் பெற்ற உழைப்பாளியே இழப்பைச் சுமந்தான்.

எல்லா வங்கிகளும் இத்தகையன அல்ல. பொஸ்டன் நகரத்துச் சஃபோக் வங்கி, தன்னோடு இணைந்த நியூ இங்கிலாந்து வங்கிகளின் தாள்களை முழுமதிப்பில் ஏற்று அவற்றின் நம்பிக்கையைக் காத்தது. பிறவிடங்களில், தாளொன்று தன் ஊரைவிட்டு அகல அகல அதன் மதிப்புக் குறைவது வழக்கம். எத்தாளுக்கு எவ்வளவு கழிவு, எது போலி என்பவற்றை அறிய வணிகர் அச்சிட்ட பட்டியல்களைப் பார்த்தே தாள்களை வாங்கினர். 1863இல் தேசிய வங்கிச் சட்டம் வந்தது. மாநில வங்கித் தாள்களுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் வரி விதிக்க 1865இல் சட்டமாகவே, அவை வழக்கொழிந்தன.

இன்று அவற்றைச் சேகரிப்போர் பலர். 3 டொலர்த் தாள் போன்ற விந்தைகளும், புகைவண்டி, கப்பல், உழவர் முதலிய நுண்ணிய செதுக்குச் சித்திரங்களும் அவர்களைக் கவர்கின்றன. போலிகளைத் தேடுவோரும் உளர். தாளின் இலக்கமும் வங்கித் தலைவர், காசாளர் ஆகியோரின் கைச்சாத்துகளும் பெரும்பாலும் மையால் எழுதப்பட்டவை. வெளியிடப்படாது எஞ்சிய தாள்களிற் கைச்சாத்து இராது; அவை புதுக்கருக்குக் குலையாதிருக்கும்.

அழகை நாடுவோர் அத்தூய தாளை விரும்புவர். வரலாற்றை நாடுவோரோ அழுக்கேறி மடிப்பு விழுந்த தாளையே போற்றுவர். யாரோ ஒருவர் அவ்வாக்குறுதியை நம்பி அதனைக் கைநீட்டி வாங்கினார் என்பதற்கு அம்மடிப்பே சான்றாகும்.