ஒரே மழையில் ஒரு மைதானம் சேறாக, மற்றொன்று ஆடத்தக்கதாக இருப்பது ஏன்?

லண்டன் மாநகரில் குளிர்காலத்து ஞாயிறுகளில் கால்பந்தாடப் புறப்படும் உள்ளூர்க் குழுவினர், ஒரு மைதானம் குளமாய்க் கிடக்க, சற்றுத் தொலைவிலுள்ள மற்றொன்று ஆட்டத்துக்குச் சித்தமாயிருப்பதைக் கண்டு ஆச்சரியப்படுவதுண்டு. மழை பாரபட்சம் காட்டியதா?

இல்லை, ரகசியம் புல்லுக்கு அடியில் இருக்கிறது.

ஒரு வடிகட்டியில் ரவையையும் இன்னொன்றில் மைதாவையும் இட்டு நீர் வார்த்துப் பாருங்கள்: ரவையின் பருமணிகளுக்கிடையே நீர் வழிகண்டு இறங்கிவிடும், மைதாவோ பசையாகி, நீரைத் தன்மேல் தேக்கிக்கொள்ளும். மணலுக்கும் களிமண்ணுக்கும் உள்ள பேதம் இதுவே. களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவையாகையால், அவற்றின் இடுக்குகளில் நீர் எளிதில் நகர்வதில்லை.

ஈரக் களிமண்மீது 22 பேர் ஓடினால் என்ன நேரும்? காலணிகளின் குமிழ்கள் மண்ணைப் பிசைந்து, எஞ்சிய துவாரங்களையும் அடைத்துவிடுவதால், அடுத்த வாரம் அதனைச் சேறாக்கச் சிறு தூறலே போதும்.

மண்ணின் வகையோடு நிலத்தின் உயரமும் முக்கியம்: லண்டனில் லீ நதிக்கரையிலுள்ள ஹாக்னி மார்ஷஸ் என்னும் கால்பந்துத் திடல், வெள்ளம் புகும் தாழ்நிலமாயிருந்தும், இரண்டாம் உலக யுத்தத்தின் குண்டுவீச்சில் தகர்ந்த கட்டிடங்களின் இடிபாடுகள் அங்கே கொட்டப்பட்டமையால் அதன் மட்டம் உயர்ந்து, நீர் வடிவதற்கும் வழி பிறந்தது.

ஆகவே மைதானம் தேடுவோர், மேட்டு நிலத்தையும் மணற்பாங்கான மண்ணையும் நாடி, குதிகாலால் தரையை அழுத்திப் பார்க்கட்டும். நீர் கசிந்து மேலெழுந்தால், வேறிடம் நோக்கி நடப்பதே உத்தமம்.